ஸ்கூட்டருக்கு ஓர் ஒப்பாரி

மதுரையில் அந்த மருத்துவர் என் கழுத்தை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். தைராய்டில் ஒரு கட்டி, எடுத்துவிட வேண்டும், பயப்படும்படி ஒன்றுமில்லை என்றார். பிறகு, மேஜையைப் பார்த்துக்கொண்டே, குரலுக்குப் போகிற நரம்பு அதை ஒட்டித்தான் ஓடுகிறது, சிலருக்குக் குரல் மாறிப்போவதுண்டு என்றார்.

“நீங்க பாடகரா?”

“இல்லை” என்றேன். என்னைப் பற்றி நான் சொன்ன மிக நேர்மையான வார்த்தை அது.

“பாடுவாக டாக்டர்” என்றாள் பக்கத்தில் இருந்த என் மனைவி.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அதைச் சத்தம் என்றுதான் சொல்லிவந்தாள். “அந்தச் சத்தத்தை நிறுத்திட்டு இந்தத் தேங்காயை உடைச்சுக் குடுங்க.” அவள் வாயில் அது பாட்டாக மாறியது அன்றுதான். அதற்கு ஒரு கட்டி தேவைப்பட்டிருக்கிறது.

பேருந்தில் காரைக்குடி திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். கத்தி படுவதற்கு முன்னால் என் பாட்டுகளைப் பதிவு செய்துவிட வேண்டும். என் பாட்டு என்றால் நானே எழுதி, நானே மெட்டுப் போட்டவை. நாங்கள் தச்சர் குடும்பம். உளி என் கைக்கு வராது என்பதை என் அப்பா சீக்கிரமே கண்டுகொண்டதால் பல நல்ல மரங்கள் பிழைத்தன. நான் அரசாங்க எழுத்தரானேன். சாக்கோட்டை அலுவலகத்துக்கு ஒரு பழைய ஸ்கூட்டரில் போய்வந்த வருஷங்களில் வழியிலேயே பாட்டுக் கட்டுவேன். வண்டியின் இரைச்சல்தான் சுருதிப்பெட்டி. மேட்டில் சுருதி ஏறும், இறக்கத்தில் தானே இறங்கும். என் மெட்டுகளில் அந்தச் சாலை அப்படியே கிடக்கிறது, குண்டு குழி உட்பட.

அந்த ஸ்கூட்டர் ஒருநாள் நின்றே போனது. அதற்கு ஓர் ஒப்பாரி கட்டினேன். இழவு வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு இழுக்கிற அதே ராகம். போன ஆள் மட்டும் வேறு.

ஓர் உதைக்கு எழும்பாம ஒம்பது உதைக்கு எழுந்தவனே
ஊரே உதைச்சாலும் எழும்பாமப் போனியே
ஒஞ்சத்தம் கேட்டுத்தானே உலை வச்சா வீட்டுக்காரி
சத்தம் அடங்கிருச்சே, எதைக் கேட்டு உலை வைப்பா

அலுவலகத்தில் யார் ஓய்வு பெற்றாலும் வழியனுப்பு விழாவில் இதைப் பாடச் சொல்வார்கள். மாலையோடு உட்கார்ந்திருக்கும் ஆளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். என் பெயர் நாலு பேருக்குத் தெரியும் என்றால் அது இந்தப் பாட்டால்தான். அங்கே வந்திருந்த என் மனைவியும் சிரித்திருக்கிறாள், தன் வரி வரும்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

பதிவுக்கு முன்பு வீட்டில் ஒத்திகை பார்த்தேன். மற்ற பாட்டுகளுக்கெல்லாம் அடுப்படியில் பாத்திரம் உருளும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. ஸ்கூட்டரைத் தொடங்கியதும் அது நின்றது. கையில் கரண்டியோடு வந்தாள்.

“நிறுத்துங்க.”

“ஏன்?”

“கழுத்தை அறுக்கப்போற வாரத்துல வீட்டுக்குள்ள ஒப்பாரி வைப்பாகளா யாராச்சும்?”

“இது ஸ்கூட்டருக்குப் பாடினதும்மா. உனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும். அந்த ராகத்துக்குத் தெரியுமா?”

எங்கள் பக்கத்தில் சாவு விழாத வீட்டில் அந்த ராகத்தை இழுக்க மாட்டார்கள். யாராவது வேலை நினைப்பில் முணுமுணுத்தால்கூட அதட்டி நிறுத்திவிடுவார்கள். நான் நாலு புத்தகம் படித்தவன் என்பதால், ஒப்பாரி ஓர் இலக்கிய வடிவம் என்று சின்னதாக ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

“அம்புட்டு இலக்கியத்தையும் தையல் பிரிச்ச பெறகு வச்சுக்கங்க.”

தையல் பிரித்த பிறகு குரல் இருக்குமா என்பதுதானே கேள்வி. நான் அதைக் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அன்று சாப்பிடும்போது இருவரும் ரசத்தைப் பற்றி நிறையப் பேசினோம்.

என் ஆல்பத்தைப் பதிவு செய்தவர் திருவிழாவுக்கும் தேர்தலுக்கும் ஒலிபெருக்கி அறிவிப்புகள் பதிவு செய்கிறவர். மாடியில் கண்ணாடித் தடுப்பு வைத்த ஓர் அறை, சுவரெல்லாம் பழைய மெத்தை. ஆர்மோனியமும் தபலாவும் கணினிக்குள் இருந்தன.

“சுருதி விலகுனாக் கவலைப்படாதீகண்ணே. நான் இழுத்துக் கட்டிருவேன்.”

“தாளம்?”

“அதையும்.”

“குரல்?”

“அது உங்களுதாவே இருக்கட்டும்ணே. இல்லாட்டி நீங்க எதுக்கு?”

ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் எச்சில் விழுங்கிப் பார்ப்பேன். கட்டி ஏறி இறங்கும். இது ஒன்று தப்பித்தது என்று நினைத்துக்கொள்வேன். முதல் ஆல்பம் போடுகிறவனுக்கு இருக்க வேண்டிய மகிழ்ச்சி எனக்கு வரவே இல்லை. வெள்ளத்துக்கு முன்னால் சாமான்களைப் பரணில் ஏற்றுகிறவன் மாதிரி பாடிக்கொண்டிருந்தேன்.

மதுரைக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

“ஸ்கூட்டர் பாட்டு எங்கண்ணே?” என்றார் பதிவுக்காரர். “எங்க சித்தப்பா ரிட்டயர்மெண்டுல பாடுனீகளே.”

“வீட்டுல வேணாங்குறாக.”

“இது வீடு இல்லையே.”

மைக்குக்கு முன்னால் திரும்பி நின்றேன். பாடினேன்.

முதல் இரண்டு வரிக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தோள் குலுங்கியது. மூன்றாவது வரியில் என் குரல் கொஞ்சம் நடுங்கியது. மேடையில் வேண்டுமென்றே நடுங்க விடுவேன், இது அது இல்லை. நாலாவது வரியைப் பாடி முடித்து நிமிர்ந்தபோது அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தடவை போவமாண்ணே? சிரிப்பு வரலையே.”

“வராது போல.”

“அழிச்சிரவா?”

“இருக்கட்டும்” என்றேன்.

வழியெல்லாம் பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். வாசல் கேட்டைத் திறந்தபோது மனைவி உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

“அங்குட்டே நில்லுங்க.”

“என்ன?”

“பாடிட்டீக.”

“யார் சொன்னது?”

“மூஞ்சி சொல்லுது. துட்டி வீட்டுக்குப் போயிட்டு வந்த மூஞ்சி.”

முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள், சரி. ஆனால் குழாயடியில் வாளி நிரம்பி நின்றது. சுவர்மேல் துண்டும் வேட்டியும் மடித்து வைத்திருந்தாள்.

“செத்தது ஸ்கூட்டரு. துக்கம் கேட்டுட்டு வந்திருக்கீக. தலை முழுகுனா முடிஞ்சது” என்று சொல்லிவிட்டு அவளே மொண்டு ஊற்றினாள். அடுத்த வீட்டு அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்னக்கா, யாரு தவறுனது?”

“எங்க ஸ்கூட்டரு” என்றாள். கழுத்துக்கு வந்தபோது மட்டும் மெதுவாக ஊற்றினாள். அவள் கை குளிர்ந்திருந்தது.

ஆல்பம் வந்துவிட்டது. குரல் இன்னும் வரவில்லை. கட்டியில் கெடுதல் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். நரம்பு தூங்குகிறது, எழும் என்கிறார் மருத்துவர். எத்தனை உதைக்கு என்று சொல்லவில்லை. இப்போது என்னிடம் இருப்பது காற்று மட்டும். போனில் பேசினால் லைன் சரியில்லை என்று வைத்துவிடுகிறார்கள்.

காலையில் என் மனைவி அடுப்படியில் போனை வைத்து ஆல்பத்தைப் போடுகிறாள். ஸ்கூட்டர் வரும்போது போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போகிறாள். துவைக்கிற கல் பக்கத்தில் நின்று கடைசி வரி வரைக்கும் கேட்கிறாள். நான் பேப்பர் படிக்கிறேன். பாட்டு முடிந்ததும் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து உலை வைக்கிறாள்.