மூன்றாம் கம்ப்யூட்டரில் தங்கிய பெயர்

கே.ஜி.கண்டிகை ஆதிகேசவனின் மகள் தமிழ்செல்வி, திருத்தணி ரயிலடியில் நெட் சென்டர் நடத்தினாள். நாலே கம்ப்யூட்டர். கடை அடைக்கும்போது நாலிலும் குக்கிகளைத் துடைத்துவிடுவாள். வந்தவர் யாரென்று நினைவில் வைக்க வலைத்தளங்கள் விட்டுப்போகும் சிறு குறிப்புகள் அவை. லாக் அவுட் செய்யாமல் எழுந்து போகிற ஊர் இது. துடைக்காவிட்டால் ஒருத்தர் கடிதத்தை இன்னொருத்தர் படிப்பார்.

2008 ஜூனில் ஒருநாள் கரண்ட் போனதால் துடைக்காமலே பூட்டினாள். மறுநாள் நாலு மணிக்கு, மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைக்கும் குடும்பத்து ஜம்பகம் மாமி, மகள் சாய்லக்ஷ்மியை இழுத்துக்கொண்டு வந்தார். நர்சிங் கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்று ஆறு மணிவரைதான் கெடு. நேற்று இங்கேயே பாதி நிரப்பியாயிற்று, மீண்டும் உள்ளே நுழையக் கடவுச்சொல் இல்லை. அது எழுதிய சீட்டை, காரியம் நல்லபடியாக முடியட்டும் என்று மாமி உண்டியலில் போட்டுவிட்டாராம். புதியது கேட்டால் மூன்று நாளாகும். சாமிக்கு எதற்கு பாஸ்வேர்டு! வாயில் வந்ததை அடக்கத் தமிழ்செல்வி பெரும்பாடு பட்டாள்.

"நேத்து லாக் அவுட் பண்ணீங்களா மாமி?"

"நல்ல காரியத்துல வெளியேறுன்னு யாராவது அழுத்துவாளாம்மா? அப்படியே விட்டுட்டு வந்தேன்."

அந்தக் குற்றத்துக்காகத் தமிழ்செல்வி முதன்முறையாக ஒருவரைக் கட்டிக்கொள்ளப் பார்த்தாள். அவர்கள் உட்கார்ந்திருந்த மூன்றாம் கம்ப்யூட்டரில் தளத்தைத் திறந்தாள். சாய்லக்ஷ்மியின் பெயர் வந்து நின்றது. ஆனால் மதிப்பெண் சான்றிதழ் வீட்டில் இருந்தது. பெண் ஓடினாள்.

பிரவுசருக்குள் எட்டிப்பார்க்கும் டெவலப்பர் கருவியைப் போன மாதம்தான் தமிழ்செல்வி ஏற்றியிருந்தாள். அதில் குக்கியைத் தேடினாள். ஒரே வரி. புரியாத எழுத்துகள், பக்கத்தில் காலாவதி நேரம்: இன்று நாலு நாற்பது. அப்போது மணி நாலரை. இன்னும் பத்து நிமிஷத்தில் தளம் பெயரை மறந்துவிடும்.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பன்னிரண்டு வருஷம் படித்த பெண் இந்த ஒற்றை வரியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறாள். அடியம்மா, தினமும் இப்படி எத்தனை பேரைத் துடைத்துத் தள்ளினேன்! தேதியை மெல்லத் தொட்டாள். கருவி அதைத் திருத்த விட்டது. நாளைய தேதியை அடித்தாள்.

நாலு நாற்பது தாண்டியது. பக்கத்தைப் புதுப்பித்தாள். பெயர் போகவில்லை. கோபுரத்தைப் பார்ப்பதுபோல அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூச்சிரைக்க ஓடிவந்த சாய்லக்ஷ்மியின் சான்றிதழோடு, ஐந்தரைக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

"இப்பவாச்சும் அழுத்துங்க மாமி. அடுத்து வர்றவன் இவ பேர்ல பூந்துகினு போவான்."

மாமி தயங்கினார். பிறகு திரையைக் கும்பிட்டு, "போயிட்டு வரோம்" என்று அதனிடம் சொல்லிவிட்டு, லாக் அவுட்டை அழுத்தினார்.