‘பிடி’ சொல்லாத தடுப்பாட்டம்

ஸ்டெல்லா போய்விட்ட செய்தி எனக்கு மூன்று மொழிகளில் வந்தது. காலையில் வாசலில் பால் பாக்கெட்டை எடுக்கக் குனிந்தபோது பழனி போன் செய்தான். “அண்ணா, அக்கா போயிட்டாங்கண்ணா” என்றான். அதை வைத்த கையோடு மஞ்சு. “அக்கா ஹோக்பிட்ரு அண்ணா.” அது கன்னடம். பிறகு நாராயணா தெலுங்கில் சொன்னான். மூன்று பேரும் எங்கள் கபடிப் பையன்கள். மூவருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: “தெரியும், வை.” நான் அப்படித்தான். கோபமா துக்கமா என்று எனக்கே விளங்காத நேரத்தில் என் வாய் கடுகடுவென்றுதான் திறக்கும். அதைத் திருத்தப் பார்த்த ஒரே ஆள் ஸ்டெல்லா.

‘சானமாவு யானைகள்’ கபடி அணியில் ஆடியவர்களும், அந்த அணியைத் திட்டுவதற்கென்றே டிக்கெட் வாங்கி வந்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நான் அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளன். ஸ்டெல்லா தடுப்பாட்டத்துக்குப் பயிற்சியாளர். எங்கள் முதலாளி ஓசூரில் உதிரி பாகம் செய்கிற ஆலை வைத்திருப்பவர். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம், ஆலையிலேயே வேலை, தங்க ஒரு வீடு என்று எல்லாம் கொடுத்து ஒரு தொழில்முறை லீக்கில் அணியை இறக்கினார். நாங்கள் தோற்றோம். தோற்றுக்கொண்டே இருந்தோம். “யானைன்னு பேர் வெச்சிருக்கானுங்க, ஒரு கொசுவைக்கூடப் பிடிக்க மாட்டேங்குறானுங்க” என்று கேலரியில் ஒருவர் சொன்னது ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

ஸ்டெல்லாவைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: ஊத்தங்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். சிறுவயதில் மாவட்டப் பெண்கள் அணிக்கு இடது கார்னர், அதாவது தடுப்பு வரிசையின் ஓரத்து இடத்தில், ஆடியவர். பாடி வருகிற எதிராளியின் கணுக்காலைப் பாய்ந்து பிடிப்பதில் பேர் வாங்கியவர். கல்யாணமாகி மத்திகிரியில் கன்னடம் பேசுகிற தெருவில் குடியேறி, ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தார். ஆண்கள் அணிக்குப் பெண் பயிற்சியாளரா என்று முதலாளியின் மைத்துனர் முகத்துக்கு நேராகக் கேட்டார். “கணுக்காலுக்கு ஆம்பளை பொம்பளை தெரியாதுங்க” என்று ஸ்டெல்லா சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மைத்துனர் உடனே தன் கால்களை உள்ளிழுத்து வைத்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகாது. நான் ரெய்டு பாடிப் போய்ப் பழகியவன். ரெய்டுக்காரனுக்குத் தடுப்பாட்டக்காரர்கள் மேல் எப்போதும் ஓர் ஏளனம் உண்டு. எங்கள் அணிக்கு எந்தத் தடுப்பாட்ட முறை என்பதில் இருவருக்கும் தினமும் சண்டை. எதிராளி கோட்டைத் தாண்டியதுமே முன்னேறி மோதி வெளியே தள்ள வேண்டும் என்பது என் கட்சி. செயின் போட வேண்டும் என்பது அவர் கட்சி. அதாவது இரண்டிரண்டு பேராகக் கைகோத்துப் பின்வாங்கி, வருகிறவனை உள்ளே விட்டு, பிறகு வாசலைச் சாத்துவது. “செயின் போட்டா கார்னர் செத்துப் போவும்மா” என்றேன். “நம்ம கார்னர் எப்பண்ணா உயிரோட இருந்துச்சு?” என்றார்.

ஒருமுறை தோல்விக்கு மைதானத்தில் விரித்திருந்த மேட் வழுக்கியதுதான் காரணம் என்று நான் நிருபர்களிடம் சொல்லிவிட்டு வந்தேன். ஸ்டெல்லா என் காதருகே வந்து, “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் பைகளை எண்ணப் போய்விட்டார். வேனில் ஏறும்வரை நான் அவரோடு பேசவில்லை. ஏறிய பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

லீக்கில் ஒரே ஓர் ஆட்டம் மிச்சம் இருந்தது. அதில் தோற்றால் கடைசி இடம். கடைசி இடத்து அணியை லீக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள். நீக்கினால் முதலாளி அணியைக் கலைத்துவிடுவார், பையன்களின் வேலையும் அதோடு போகும். இது போதாதென்று மஞ்சுவின் விவகாரம் வந்து சேர்ந்தது. அவன் வலது கவர். கர்நாடகத்து ராமநகரா பக்கத்திலிருந்து வந்த கன்னடப் பையன். அவனுக்கு அருகில் வலது கார்னரில் எங்கள் கேப்டன் பழனி, கல்லாவி ஊர்க்காரன். முந்தைய ஆட்டத்தில் பழனி எதிராளியின் காலைப் பிடித்தான். மஞ்சு இடுப்பைப் பிடித்தான். ஆள் சிக்கிவிட்டான் என்று எல்லாரும் எழுந்து நின்ற நேரத்தில், மஞ்சு கையை எடுத்துவிட்டான். எதிராளி பழனியை இழுத்துக்கொண்டே போய்க் கோட்டைத் தொட்டுவிட்டான்.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்தது. மஞ்சு காசு வாங்கிக்கொண்டு விட்டுவிட்டான் என்றார்கள். அது ஒரு முறை நடந்ததல்ல, முன்பும் இப்படி விட்டிருக்கிறான் என்று ஆளாளுக்குக் கணக்குச் சொன்னார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, “அந்தப் பையனை அனுப்பிடுங்க” என்றார். கடைசி ஆட்டம் முடியட்டும் என்று தவணை வாங்கினேன். பழனி அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். மஞ்சு சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்தான். என்ன நடந்தது என்று கேட்டால், “நானு தப்பு மாடில்லா அண்ணா” என்பான், தான் தப்பே செய்யவில்லை என்று.

அதை அவிழ்த்தது ஒரு டீ கிளாஸ். பயிற்சி முடிந்து சிப்காட் அருகே டீக்கடையில் நின்றோம். மஞ்சு தள்ளி நின்றிருந்தான். “கூட ஆடுற பையன், நீயே குடுத்துட்டு வா” என்று ஸ்டெல்லா பழனியை ஏவினார். பழனி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு போய் கிளாஸை நீட்டினான். மஞ்சு வாங்கினான். பழனி, “பிடி” என்றான். மஞ்சு சட்டென்று கையை எடுத்துவிட்டான். கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது.

“பாருங்கக்கா, வேணும்னே பண்றான்” என்று பழனி கத்தினான். “ஒரு டீயைக்கூடப் பிடிக்க மாட்டேங்குறான்.”

மஞ்சுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “நீவே பிடி அந்த்ரல்லா அண்ணா, அதுக்கே பிட்டே” என்றான்.

ஸ்டெல்லா வாயில் வைத்திருந்த டீ புரையேறிவிட்டது. இருமலும் சிரிப்புமாக அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ‘நீங்கதானே விடச் சொன்னீங்க, அதான் விட்டேன்’ என்கிறான் என்று அவர்தான் விளக்கினார். கன்னடத்தில் ‘விடுங்கள்’ என்பதற்கான சொல் நம் காதில் ‘பிடி’ என்றுதான் விழும். முதல் எழுத்தை அழுத்திச் சொன்னால் நம் சொல். மெத்தென்று சொன்னால் அவர்கள் சொல். மூச்சிரைக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு பழனி கத்தும்போது அந்த வித்தியாசம் யாருக்குக் கேட்கும்? மஞ்சுவுக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. நிதானமாக இருக்கும்போது ‘பிடி’ என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். பதறும்போது காது தாய்மொழிக்கு ஓடிவிடுகிறது. “அது மட்டுமில்லக்கா,” என்றான் மஞ்சு, “கேப்டன் எப்பவும் வாடா போடான்றார். ஆட்டத்துல மட்டும் மரியாதையா விடுங்கன்றாரேன்னு நெனச்சேன்.” பழனி அவன் தோளில் கைபோட்டு இழுத்துக்கொண்டான். இருவரும் ஒரே கிளாஸில் டீ வாங்கிக் குடித்தார்கள்.

நான் வேறு சொல் வைக்கலாம் என்றேன். ஆலைப் பையன்கள்தானே, ‘லாக்’ என்றால் எல்லாருக்கும் தெரியும். மறுநாள் பயிற்சியில் லாக் என்று சொல்லிப் பழகினோம். ஆள் கையில் சிக்கியதும் பழனியின் வாயிலிருந்து ‘பிடி’தான் வந்தது. திட்டினேன், மறுபடியும் பிடி. பழகின வாய் லேசில் மாறுமா? அப்போதுதான் ஸ்டெல்லா சொன்னார்: “வாய்க்குத்தாண்ணா மூணு பாஷை. கைக்கு ஒண்ணுதான். செயின் போட்டுருவோம். ஒரு அழுத்து அழுத்துனா பொறு. ரெண்டு அழுத்துனா சாத்து. யாரும் வாயைத் தொறக்க வேணாம்.”

இப்படித்தான் எங்கள் தடுப்பாட்ட முறை முடிவாயிற்று. அன்று எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. பாய்ந்து காலைப் பிடிக்கிற கார்னர் ஆட்டம்தான் ஸ்டெல்லாவின் சொந்த வித்தை. அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. இந்தப் பையன்களுக்கு அது ஆகாது என்று தெரிந்ததும் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். நானாக இருந்தால் வைத்திருக்க மாட்டேன்.

பழனியின் வாயைக் கட்டுவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஆளுக்கு ஒரு வாய்த் தண்ணீர். விழுங்கக் கூடாது, துப்பக் கூடாது, அப்படியே பிடிக்க வேண்டும். முதல் நாள் நாராயணாவுக்குச் சிரிப்பு வந்து, ஏழு பேரும் நனைந்தார்கள். இரண்டாம் நாள் மைதானமே கோயில் மாதிரி அமைதியாக இருந்தது, என் குரலைத் தவிர. ஓரத்தில் நின்று “பிடிடா, பிடிடா” என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா ஒரு பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார். “அண்ணா, நீங்களும்.”

“நான் பிடிச்சா உடும்புப்பிடிம்மா, கத்தாம எப்படி?” என்றேன்.

“அந்த உடும்பைக் கன்னடத்துல நெனச்சுப் பாருங்க” என்றார். பாட்டிலை வாங்கிக்கொண்டேன்.

கடைசி ஆட்டம் கிருஷ்ணகிரியில். கிளம்பிய வேன் சானமாவுக் காட்டருகே நின்றுவிட்டது. யானைக் கூட்டம் ரோட்டைக் கடக்கப் போகிறது என்று வனத்துறையினர் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் இறங்கிப் போய் வனக்காப்பாளரிடம் சண்டை போடக் கிளம்பினேன். ஸ்டெல்லா பாட்டிலைத் திறந்து கொடுத்தார். வாயில் தண்ணீரோடு யாரிடமும் சண்டை போட முடியாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். பையன்கள் ஜன்னலில் தொங்கி யானை பார்த்தார்கள். ஸ்டெல்லா புளிசாதம் கொடுத்தார். “நம்ம ஆளுங்கதான், வழி விடுங்க” என்று மஞ்சு சொல்ல, வேன் முழுக்கச் சிரிப்பு. தோற்றால் வேலை போகப் போகிறவர்கள் போல அவர்கள் இல்லவே இல்லை.

ஆட்டம் சமமாகவே போயிற்று. கேலரி இரைச்சலில் காது அடைத்தது. தடுப்பில் நின்றபோது எங்கள் ஏழு பேரும் வாயே திறக்கவில்லை. அதைப் பார்த்து எதிரணி குழம்பிப் போனது. கடைசி ரெய்டு அவர்களுடையது. நாங்கள் ஒரு புள்ளி முன்னால். அவர்களின் சிறந்த ஆட்டக்காரன் பாடிக்கொண்டு வந்தான். நேராக மஞ்சுவின் பக்கம்தான் வந்தான். அவன் விட்டுவிடுவான் என்ற பேச்சு அங்கேயும் எட்டியிருந்தது. செயின் பின்வாங்கியது. நான் வாய் நிறையத் தண்ணீரோடு நின்றேன். பழனியின் விரல்கள் மஞ்சுவின் கையில் இரண்டு முறை அழுத்தியதைப் பார்த்தேன். பாய்ந்தார்கள். பழனி கால், மஞ்சு இடுப்பு. அந்த நேரத்தில் என் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து, “பிடீ... பிடி பிடி பிடி” என்று அலறியது. ஸ்டெல்லாதான்.

மஞ்சு விடவில்லை. விசில் ஊதிய பிறகும், நடுவர் வந்து தோளைத் தட்டிய பிறகும் விடவில்லை.

மஞ்சு மூச்சு வாங்க எங்களிடம் ஓடிவந்து சொன்ன முதல் வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. “அக்கா, நீங்க விடச் சொன்னீங்க. நான் விடலை.” ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அணி தப்பித்தது. மஞ்சு இன்றும் அதே ஆலையில் வேலை செய்கிறான், அதே இடத்தில் ஆடுகிறான். அவனைப் பற்றிக் கணக்குச் சொன்னவர்கள் வேறு கணக்குப் பார்க்கப் போய்விட்டார்கள். ஊர் வாய்க்கு உலைமூடி இல்லை, ஆனால் ஊருக்கு மறதி உண்டு.

மத்திகிரிக் கல்லறையில் நீங்கள் பலரும் இருந்தீர்கள், வராதவர்களுக்காகச் சொல்கிறேன். பெட்டியைக் கயிற்றில் இறக்கியபோது ஒரு முனையைப் பழனியும் எதிர்முனையை மஞ்சுவும் பிடித்திருந்தார்கள். குழி வெட்டிய பெரியவர் கன்னடக்காரர். மெதுவாக விடுங்கள் என்ற அர்த்தத்தில் “பிடி, பிடி” என்றார். மஞ்சு கயிற்றை விட்டுக்கொடுத்தான். பழனி இன்னும் இறுக்கிப் பிடித்தான். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றுவிட்டது. பெரியவர் மறுபடியும் “பிடி” என்கிறார்; பழனி கண்ணீரோடு பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தபடி நிற்கிறான். “அண்ணா, விடச் சொல்றாங்கண்ணா” என்றான் மஞ்சு. முதலில் சிரித்தது ஸ்டெல்லாவின் கணவர். பிறகு நாங்கள் எல்லாரும். ஃபாதர் ஒன்றும் விளங்காமல் பார்த்தார். பழனி மட்டும் சிரிக்கவில்லை. “தெரியும்டா” என்று சொல்லிவிட்டுத்தான், கொஞ்சம் கொஞ்சமாக விட்டான்.

மண் போட்ட பிறகு ஃபாதர் என்னைப் பார்த்து நாலு வார்த்தை பேசச் சொன்னார். நான் மஞ்சுவின் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு நின்றேன். எங்கள் பையன்களுக்குப் புரிந்துவிட்டது. ஒருவர் கையை ஒருவர் கோத்துக்கொண்டார்கள். ஸ்டெல்லா எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு வாய்த் தண்ணீர்தான். கத்தப் போகும்போதெல்லாம் எடுத்துக்கொள்கிறேன், பல சண்டைகள் அதிலேயே கரைந்து போகின்றன. அன்று மட்டும் அதை விழுங்க முடியாமல் வெகுநேரம் நின்றிருந்தேன்.