மூட்டையும் நானும் முன் சீட்டில்

கால்பந்து என்றால் எனக்குத் துவைப்பதும் காயவைப்பதும்தான். எங்கள் எஸ்டேட் டீமில் அப்படி ஓர் ஏற்பாடு. மேட்ச் முடிந்ததும் எல்லாருடைய சட்டைகளும் ஒரே சாக்கில் ஒரு வீட்டுக்குப் போகும். அடுத்த மேட்சுக்கு அடுத்த வீடு. இதற்குத் துணி முறை என்று பெயர். ஆடுவது ஆண்கள், முறை வருவது பெண்களுக்கு. மழைக்காலத்தில் குன்னூர்ப் பக்கம் வெளியே கொடி கட்டினால் துணி காயாது, பாசி வேண்டுமானால் பிடிக்கும். அதனால் அடுப்புக்கு மேலே கம்பி கட்டித் தொங்கவிடுவோம். எங்கள் ஆட்கள் மைதானத்தில் இறங்கினாலே விறகுப் புகை வாசம் அடிக்கும். எதிர் டீம்காரர்கள் எங்களைப் 'புகைக்கூண்டு' என்று கேலி செய்வார்கள்.

எங்கள் வீட்டு முறை வந்த வாரத்தில்தான் என் வீட்டுக்காரர் டீம் மாறினார். மாறியது வேறெங்கும் இல்லை, ஆற்றங்கரை எஸ்டேட்டுக்கு. கோப்பையை எங்களிடமிருந்து பறிப்பதற்கென்றே பிறந்தவர்கள் அவர்கள். நான் பிறந்ததும் அங்கேதான். பழியை என் மேல் போட இந்த ஒரு விஷயம் போதாதா ஊருக்கு?

சும்மா என் அப்பாவைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். சாயங்காலம் எஸ்டேட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. ஆற்றங்கரைச் சட்டை போட்டுக்கொண்டு, வேர்வையைத் துடைத்தபடி, யாரோ நீட்டிய போனைப் பார்த்துப் பேசுகிறார்: "சொந்த ஊட்டுக்கு வந்த மாதிரி இருக்குதுங்க. இங்கதான் என்னைய மனுசனா மதிக்கறாங்க." அவ்வளவுதான் பேச்சு. அப்போது என் தலைக்கு மேலே அவருடைய பழைய சட்டை சொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு போன் செய்தார். அங்கே ஃபேக்டரியில் மெஷின் ஆபரேட்டர் வேலை, குவார்ட்டர்ஸ், எல்லாம் பேசி முடித்தாயிற்று என்றார். இங்கே அவர் வேலையை விட்டால் எஸ்டேட் கொடுத்த லயன் வீட்டையும் விட வேண்டும். வீட்டை விட்டால் என் வேலையும் போகும். பிள்ளைக் காம்பராவில், அதாவது கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்தில், அந்த வருஷம்தான் என்னை வேலைக்கு எடுத்திருந்தார்கள். எல்லாரும் என்னை டீச்சர் என்றார்கள். ஆற்றங்கரையில் நான் என் அப்பாவின் மகள், அண்ணன்களின் தங்கை. என்ன படிப்பது, எப்போது நிறுத்துவது, எந்தக் கல்யாணத்துக்குப் போவது, எதையும் அங்கே யாரும் என்னைக் கேட்டதில்லை. கல்யாணம் என்று சொன்னபோது எனக்கு மாப்பிள்ளையைவிட அந்த மலையேறும் ரோடுதான் பிடித்திருந்தது. இப்போது அதே ரோட்டில் திரும்பி இறங்கு என்கிறார்கள். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

சட்டைகளை வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. கொண்டுபோய்க் கொடுக்க எனக்கும் கால் எழவில்லை. ஆனாலும் முறை முறைதான். விறகைப் போட்டு, ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு, அவருடைய சட்டை உட்பட எல்லாவற்றையும் மொடமொடவென்று காயவைத்தேன். வார நடுவில் அவர் மறுபடி போன் செய்து, குவார்ட்டர்ஸைப் பார்க்க வா என்றார். மூட்டையை எடுத்துக்கொண்டு மினி பஸ் ஏறினேன். வழியில் பஜாரில் டீம் ரூமில் மூட்டையைக் கொடுத்துவிட்டு அதே பஸ்ஸில் கீழே போவதாகத் திட்டம்.

ஏறிய பிறகுதான் பார்த்தேன், பின் சீட்டில் டீம் கேப்டன். எங்கள் ஃபேக்டரி ஃபிட்டர். பக்கத்தில் மளிகைக் கடை பாய். அவர்களுக்கு முன்னால், இலங்கையிலிருந்து வந்த குடும்பத்துப் பெரியவர் ஒருவர். தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டி ஓய்வு பெற்றவர், ஒரு மேட்ச் விட்டதில்லை. மூவரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்காதது மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் முன் சீட்டில் மூட்டையை மடியில் வைத்து உட்கார்ந்தேன்.

மூன்றாவது வளைவில் ஒரு கற்பூர மரம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. தீயணைப்பு வண்டி வரவேண்டும் என்றார் கண்டக்டர். ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் தேயிலை. கொட்டுகிற மழையில் இறங்கினால் காலில் அட்டை ஏறும். ஷட்டர்களை இறக்கிவிட்டார்கள். பஸ்ஸுக்குள் ஈரக் கம்பளி வாசமும் என் மூட்டையின் புகை வாசமும்தான்.

"மனுசனா மதிக்கறாங்களாமா," என்று கேப்டன் ஆரம்பித்தார். "அப்ப நாம மாடாட்டமா வெச்சிருந்தோம்?"

"அவன் கால் முறிஞ்சப்ப ரோடு வரைக்கும் யாரு தம்பி தூக்கியாந்தது? நாலு பேரு தோள்ல போட்டுல்ல வந்தோம்," என்றார் பெரியவர். "அதெல்லாம் மறந்துபோட்டு என்னா கதை கதைக்கிறான்."

பாய் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். "புது எடத்துக்குப் போனா அப்படித்தானுங்க சொல்லோணும். மாமியா ஊட்டுச் சோத்துல உப்பில்லீன்னு எந்த மாப்ள சொல்லுவான்?"

"அதத்தான் நானும் சொல்றன். மாமியா ஊடு. சொந்த ஊடுன்னா யாரோட சொந்தம்? சொல்லிக் குடுக்க ஆளிருந்தாச் சொல்றதுக்கென்ன?" கேப்டனின் குரல் பின் சீட்டிலிருந்து முன் சீட்டுக்கு நன்றாகவே வந்தது.

ஜாடைப் பேச்சுக்குப் பதில் சொல்ல முடியாது. சொன்னால், உன்னையா சொன்னோம் என்பார்கள். சொல்லாவிட்டால் ஒத்துக்கொண்ட மாதிரி. எழுந்து போகலாம் என்றால் வெளியே மழை. வீட்டுக்காரரை விட்டுக்கொடுத்துப் பேச மனசில்லை, தாங்கிப் பேசவும் வாய் வரவில்லை. மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஆவி படிந்த முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் விடவில்லை. வீடியோவை மறுபடி போட்டார்கள். சொந்த ஊட்டுக்கு வந்த மாதிரி இருக்குதுங்க. நிறுத்தினார்கள், விவாதித்தார்கள், திரும்பவும் போட்டார்கள். நாலாவதோ ஐந்தாவதோ தடவை நான் திரும்பிவிட்டேன்.

"ஏனுங்க, அத நானும் குரூப்லதானுங்க பாத்தேன்," என்றேன். "உங்களக் கேக்காமப் போயிட்டாருன்னு கோபப்படறீங்க. என்னையுங் கேக்கலீங்க."

பாய் போனை அணைத்துப் பையில் போட்டார். பெரியவர் தொண்டையைச் செருமினார். கொஞ்ச நேரம் கழித்து மரம் அறுக்கும் மெஷின் வந்து, பஸ் நகர்ந்தது.

பஜாரில் கேப்டன் என் சீட்டுக்கு வந்து நின்றார். மூட்டையை நீட்டினேன். அதன் வாயைப் பிரித்து மேலே இருந்த சட்டையைத் தொட்டுப் பார்த்தார். அது என் வீட்டுக்காரருடையது. "நல்லாக் காஞ்சிருக்குதுங்க டீச்சர்," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு, "இனி உங்களுக்கு இந்தச் செரமம் இல்லீங்க" என்று இறங்கிப் போய்விட்டார்.

அந்த மூட்டையை நான் எத்தனை தடவை திட்டியிருப்பேன். அது போன பிறகு மடி வெறுமையாக இருந்தது. ஜாடையாகப் பேசியதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. போக வேண்டாம் என்று கேப்டன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றுதான் இருந்தது. சொல்லியிருந்தால் மட்டும் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

கடைசி ஸ்டாப்பில் என் வீட்டுக்காரர் குடையோடு நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வீடியோ பாத்தியா? எப்படிப் பேசுனேன்?"

"சொந்த ஊடுன்னீங்களே, யாரூடுங்க அது?"

"உன்ற ஊடுதான். நீ கேட்டாச் சந்தோசப்படுவேன்னுதான் அப்படிச் சொன்னேன்." பொய் சொல்லவில்லை. அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததில் ஒன்றையும் எடுக்கவில்லை. "ஒரு வார்த்தை என்னையக் கேட்டிருக்கலாம்," என்று மட்டும் சொன்னேன்.

அவருக்கு முகம் வாடிப்போயிற்று. குடையை முழுவதுமாக என் பக்கம் சாய்த்துவிட்டு மழையில் நின்றார். "செரி, இப்பக் கேக்கறேன். வர்றியா?"

"சாமான் ஏத்த லாரி சொல்லியாச்சுங்களா?"

"ஞாயித்துக்கெழமைக்குச் சொல்லியாச்சு," என்றார்.