பூனைக்குப் பூசிய தைலம்

ஏற்காட்டில் ஏரிக்குப் போகும் சாலையில் இருந்த ஒரு தைலக் கடையில் ஏழு வருஷம் வேலை செய்தேன். எண்பதுகளில் பெரும்பகுதி எனக்கு அந்தக் கடைக்குள்ளேயே போயிற்று. இரண்டு பேர் சேர்ந்து நின்றால் மூன்றாவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும், அவ்வளவு குறுகலான கடை. யூகலிப்டஸ், கிராம்பு, எலுமிச்சம்புல் என்று வகைவகையான தைலம் பெரிய டின்களில் வரும். அதைச் சின்னக் குப்பிகளில் ஊற்றி, மூடி போட்டு, லேபிள் ஒட்டி விற்பது என் வேலை. முதலாளி காலையில் ஒரு தடவையும் சாயங்காலம் ஒரு தடவையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

குப்பியில் ஊற்றுவதெல்லாம் ஒரு வேலையே இல்லை. வருகிறவர்கள் சொல்வதைக் கேட்பதுதான் வேலை. முழங்கால், இடுப்பு, மூக்கடைப்பு, தூக்கமின்மை, பல்வலி. ஒவ்வொருவரும் தன் நோயை முதலிலிருந்து சொல்வார். நான் தலையாட்டிக்கொண்டே கேட்டு, ஒரு குப்பியை எடுத்து நீட்டுவேன். மே மாதக் கூட்டத்தில் ஒரு நாளைக்கு நூறு பேருடைய வலியைக் கேட்டால், சாயங்காலம் நம் கால் வலிப்பதுகூட யாரோ சொன்னது போல இருக்கும். தைல வாசனை தலைமுடியில் ஏறி, தலையணையில் இறங்கி, சோற்றிலும் இருந்தது. என் வீட்டுக்காரர் எஸ்டேட் லாரி ஓட்டினார். வாரத்தில் பாதி நாள் மலைக்குக் கீழே இருப்பார். வீட்டுக்கு வந்ததும் பேச ஆளில்லையே என்று நான் வருத்தப்பட்டதில்லை. பேசாமல் இருப்பதுதான் எனக்கு அப்போது பெரிய சுகம்.

பூனை தானாக வந்தது. சாம்பல் நிறத்தில் வரிவரியாக ஒரு பெட்டைப் பூனை. அரிசி டின்னைச் சுற்றி எலி ஓடியதால் நானும் விரட்டவில்லை. நான் அடுப்பு பற்ற வைக்கும்போது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். தன் உடம்பைப் பற்றி என்னிடம் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் இருக்க ஒரு ஜீவன் இருந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

அந்த வருஷம் ஆடி மாதச் சாரலில் அதற்குச் சொறி வந்தது. முதலில் காது ஓரத்தில் பொரிந்தது. பிறகு நெற்றி, கண்ணுக்கு மேலே. பின்னங்காலால் சொறிந்து சொறிந்து ரத்தம் வர வைத்துக்கொண்டது. அடுத்த வீட்டில் இருந்த, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் புத்தகம் பார்த்து ஹோமியோபதி மாத்திரை கொடுப்பவர். பூனைக்கும் நாலு வெள்ளை உருண்டை கொடுத்தார். பாலில் கரைத்து வைத்தேன். பாலைக் குடித்தது, சொறிந்தது. மஞ்சளை அரைத்துப் பூசினேன். மஞ்சள் பூனையாகத் திரிந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

ஊருக்கெல்லாம் தைலம் கொடுக்கிறவள் வீட்டுப் பூனை சொறியோடு திரியலாமா என்று தோன்றியது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வேப்பெண்ணெயில் கிராம்புத் தைலத்தையும் யூகலிப்டஸையும் தாராளமாகக் கலந்து, கழுத்து வரைக்கும் தேய்த்துவிட்டேன். பூனை ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து நக்க ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தேன். சொறியவில்லை. சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. கிண்ணத்தில் வைத்த பால் அப்படியே இருந்தது. எழுப்ப வேண்டாம், பல நாள் தூங்காத பூனை என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஞாயிறு சந்தை நாள். மலைக் கிராமமான மஞ்சக்குட்டையிலிருந்து ஓர் அம்மா கொய்யாவும் பீன்ஸும் கொண்டுவந்து விற்பார். விற்று முடித்ததும் ஜீப் ஏறுவதற்கு முன்னால் என் கடைக்கு வந்து, தன் வீட்டுக்காரர் முழங்காலுக்கு ஒரு குப்பி வாங்கிக்கொள்வார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அன்றைக்குக் குப்பியை வாங்கிய பிறகும் அவர் நகரவில்லை.

"ஏங்கண்ணு, எங்கூட்டுப் பூனைக்குக் காதெல்லாம் பொரிஞ்சு கெடக்குது. குட்டி போட்டு ஒரு மாசந்தான் ஆவுது. இதுல எதாச்சும் போடலாமா?"

"போடலாமுங்கம்மா. எங்கூட்டுப் பூனைக்கு நேத்துத்தான் போட்டேன். ஒரே ராத்திரியில அரிப்பு நின்னு போச்சுங்க. இப்பச் சொறியறதே இல்ல, நல்லாத் தூங்குது."

"குட்டிக்கும் லேசா இருக்குது."

"அதுக்குங் கொஞ்சம் தடவி உடுங்க."

எத்தனை சொட்டு என்றும் சொன்னேன். கிராம்புத் தைலத்தை ஒரு பழைய குப்பியில் கொஞ்சம் ஊற்றி நானே கொடுத்தேன். "நல்லா இருப்பே சாமி" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்புக்கு ஓடினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பூனை அதே இடத்தில் கிடந்தது. வாயிலிருந்து எச்சில் ஒழுகித் தரை நனைந்திருந்தது. தூக்கி நிறுத்தினேன். பின்னங்கால் இரண்டும் தனித்தனியாகப் போயின. நாலடி நடந்து பக்கவாட்டில் சாய்ந்தது. காலையில் நான் தூக்கம் என்று நினைத்தது தூக்கமில்லை என்று அப்போது புரிந்தது.

மறுநாள் கடைக்குப் போகாமல், பூனையைக் கூடையில் வைத்துத் துணியால் மூடி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் ஏதோ ஊரில் மாட்டுக்கு ஊசி போடப் போயிருந்தார். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். பசுவோடும் ஆட்டோடும் நின்றவர்கள் என் கூடையைப் பார்த்துச் சிரித்தார்கள். டாக்டர் வந்து துணியை விலக்கியதுமே முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா பூசினீங்க? ஆஸ்பத்திரியே மணக்குது."

சொன்னேன்.

"யாரு பூசச் சொன்னாங்க?"

"யாருஞ் சொல்லலீங்க. நானேதான்."

அவர் திட்டவில்லை. அவரும் களைத்துப்போயிருந்தார். பூனையின் கண்ணையும் ஈறையும் பார்த்துக்கொண்டே சொன்னார். "பூனை உடம்புல எதப் பூசினாலும் அது நக்கி உள்ள கொண்டுபோயிடும். தோல் வழியாவும் இறங்கும். நம்ம ஈரல் முறிக்கிற சரக்கைப் பூனையோட ஈரலால முறிக்க முடியாதும்மா. நமக்கு மருந்து, அதுக்கு விஷம். சோப்புப் போட்டு நல்லாக் கழுவுங்க. கதகதப்பா வெச்சிருங்க. பொழைக்கிறது அது பாடு."

தோலுக்கு அடியில் குளுக்கோஸ் ஏற்றினார். அன்றைக்கு மூன்று தடவை வெந்நீர் வைத்துக் கழுவினேன். கழுவிய தண்ணீரிலும் என் கையிலும் கடையின் வாசனைதான். இங்க் ஃபில்லரால் குளுக்கோஸ் தண்ணீரை வாயோரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டேன். பாதி உள்ளே போயிற்று, பாதி வெளியே வந்தது.

மஞ்சக்குட்டை அம்மாவின் நினைவு அன்றைக்கே வந்தது. மறந்துபோனேன் என்று சொன்னால் அது பொய். மறுநாள் காலையில் ஜீப் ஏறிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஏற்கனவே ஒரு நாள் லீவு போட்டாயிற்று. முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பூனைக்கு வேறு மணிக்கொரு தரம் தண்ணீர் கொடுக்க வேண்டும். அவர் பூசியிருக்கவே மாட்டார், ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வருவார், அப்போது சொல்லிக்கொள்ளலாம். இப்படி ஒவ்வொன்றாக அடுக்கினேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது அலுப்பு ஒன்றுதான். இன்னொருவர் வீட்டு நோயைத் தேடிப்போய்க் கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஐந்தாம் நாள் என் பூனை தானாக எழுந்து பால் குடித்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா சந்தைக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அவர் வழக்கமாகக் கடை போடும் இடத்தில் யாரோ இஞ்சி வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் திங்கட்கிழமை முதலாளியிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினேன்.

ஊரில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அம்மா வாசலில் பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"அட, வா கண்ணு! இத்தன தூரம் வந்திருக்கிறே? உக்காரு, காப்பி வெக்கறேன்."

"சந்தைக்கு வரலீங்களேம்மா, அதான் பாக்க வந்தேன்."

"அவுங்களுக்கு முழங்காலு நொம்ப வீங்கிப்போச்சு. உட்டுட்டு வரமுடியல." கொஞ்சம் நிறுத்தி, "பூனையும் செத்துப்போச்சு கண்ணு. ஒரு குட்டியும் போச்சு" என்றார்.

"எப்பங்கம்மா?"

"நீ தைலங் குடுத்தியே, அந்த வாரந்தான். புதங்கெழம."

ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று என் மனம் எண்ணியது. எண்ணாதே என்று சொன்னாலும் எண்ணியது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் குரலைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டைக் கண்ணால் காட்டினார். அது அவருடைய ஓரகத்தியின், அதாவது கொழுந்தனார் மனைவியின் வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே களம்தான்.

"அவ சாமை மூட்டைக்கு எலி மருந்து வெச்சிருந்தா. எலியத் தின்னுபோட்டுத்தான் இது செத்துச்சு. வாயில நொரையா ஒழுகுச்சு கண்ணு. நல்லாக் கேட்டுப்போட்டேன் அவள. ரெண்டு வாரமாப் பேச்சு வார்த்த கெடையாது."

காப்பி டம்ளர் கையில் சுட்டது. அப்படியே குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

"எலி மருந்தில்லீங்கம்மா" என்றேன். "நாங் குடுத்த தைலமுங்க. எங்கூட்டுப் பூனைக்கும் அப்படித்தான் ஆச்சு. நான் தூங்குதுன்னு நெனச்சேன். டாக்டர்தான் சொன்னாரு, பூனைக்கு அது விஷமுன்னு."

அவர் பீன்ஸ் ஆய்வதை நிறுத்தினார்.

"உங்கூட்டுப் பூனை?"

"பொழச்சுக்கிச்சுங்க."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"திங்கக்கெழமையே தெரியுமுங்க."

பீன்ஸை எடுத்து நார் உரித்தார். இன்னொன்றை எடுத்தார். நான் அழுதிருந்தால் அவருக்கும் எளிதாக இருந்திருக்கும். எனக்கு அழுகை வரவில்லை.

"இத இன்னிக்கு வந்து சொல்றியே" என்றார் கடைசியில். "அவளப் பேசாத பேச்செல்லாம் பேசிப்போட்டேன். அவ மகளுக்கு இன்னுங் கண்ணாலம் ஆவாதது வரைக்கும் இழுத்துப் பேசினேன். இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவகிட்டப் போவேன்?"

"நான் வேணா வந்து சொல்றனுங்க."

"சொல்லித்தான் ஆவோணும். வா."

களத்தைத் தாண்டிப் போனோம். ஓரகத்தி முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். அம்மா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஓரகத்தி புடைப்பதை நிறுத்தாமல் கேட்டார். நான் முடித்ததும் முறத்தைக் கீழே வைத்தார்.

"நாந்தான் எலி மருந்தே வெக்கலையே. மூட்டையத் தூக்கிப் பரண்ல போட்டுட்டேன்னு அன்னிக்கே சொன்னனுங்க. யாரு கேட்டா?" என்னிடம்தான் சொன்னார், ஆனால் அது எனக்கில்லை. "பூனைக்காகவா என்னைய அப்படிப் பேசினாங்க? அது வேற கணக்குங்க. பூனை ஒரு சாக்கு."

ஓரகத்தி என்னை உட்காரச் சொன்னார். ஜீப்புக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். களத்தில், பிழைத்த இன்னொரு குட்டி ஆட்டுப்பால் வைத்த தட்டுக்குப் பக்கத்தில் வெயிலில் படுத்திருந்தது. அது தூங்குகிறதா என்று குனிந்து மூச்சைப் பார்த்தேன். தூங்கத்தான் செய்தது. அன்றிலிருந்து எந்தப் பூனை படுத்திருந்தாலும் எனக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது.

முதலாளியிடம் நடந்ததைச் சொல்லி, பூனைக்குப் போடக் கூடாது என்று கடையில் எழுதி வைக்கலாமா என்று கேட்டேன்.

"நாம என்ன பூனைக்கா விக்கறோம்?" என்றார். "போடக் கூடாதுன்னு எழுதி வெச்சா, மனுசனுக்கும் ஆகாதுன்னு ஓடிப்போயிருவாங்கம்மா. யாராச்சும் கேட்டாச் சொல்லிக்க."

அதனால் நானே கேட்டேன். தைலம் வாங்குகிறவர்களிடமெல்லாம் வீட்டில் பூனை இருக்கிறதா என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள், சிலர் எரிச்சல்பட்டார்கள். ஒரு நாளைக்கு இன்னும் நூறு தடவை பேச வேண்டியதாயிற்று. மேலும் மூன்று வருஷம் அந்தக் கடையில் இருந்தேன்.

என் பூனையின் சொறிக்கு டாக்டர் ஒரு கந்தகக் களிம்பு கொடுத்தார். அதைக் கொஞ்சமாகத் தடவி, நக்காதபடி கழுத்தில் அட்டை கட்டி, காய்ந்ததும் கழுவி என்று இரண்டு மாதம் பாடுபட்ட பிறகு முடி முளைத்தது. ஒரு காதின் நுனி மட்டும் சுருங்கியபடியே நின்றுவிட்டது. நான் கடையிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், என் கையை முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்து தள்ளிப் போகும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாலும் போகும்.

மஞ்சக்குட்டை அம்மா புரட்டாசியில் மறுபடி சந்தைக்கு வந்தார். கடைக்குள் வரவில்லை. நானே வெளியே போய், ஓரகத்தி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"பேசறா. அவ மகளுக்கு நல்ல எடம் வந்திருக்குது, நாளைக்கு மாப்பிள்ள ஊடு பாக்கப் போறோம்" என்றார். முழங்காலுக்குத் தைலம் வேண்டுமா என்று கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்கவில்லை. ஜீப் புறப்படுகிற சத்தம் கேட்டது. அவர் காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நான் கடைக்குத் திரும்பினேன். வாசலில் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.