நான் பாட்டுப் போடாத நேரம்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். துறைமுகத்தில் மூட்டை சுமந்த கூலியில் ஒரு பழைய குழாய் ஸ்பீக்கர் வாங்கி, விம்கோ நகரில் வாடகைக்கு விட ஆரம்பித்தேன். இன்று சொந்தக் கடை, இரண்டு வண்டி, ஆள் உயரப் பெட்டிகள். புயலில் பந்தல் பறந்த கல்யாணத்தில்கூட என் மைக் நின்றதில்லை. ராயபுரம் வரை யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

போன வருஷம் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு சர்ச் மைதானத்தில் பேச்சுப் பயிற்சி பற்றிய விழிப்புணர்வுக் கூட்டம். பேசுவதற்குக்கூடவா பயிற்சி, அதற்கொரு விழாவா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். ஆனாலும் மைக் செட் நானே போட்டேன். அன்று பேசப் போகிறவன் என் தோஸ்து. மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விட்டவன். பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. 'புத்தி பூட்ச்சு', மூளையே போய்விட்டது என்று சொல்லி, கூட இருந்தவர்களே அவனை ஏலத்துக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். கூட்டத்துக்கு வந்திருந்த அவர்கள் முன்னால் நாலு வார்த்தை பேசிக் காட்டினால்தான் அந்த இடம் திரும்பக் கிடைக்கும்.

மைக்கை மாட்டிக்கொண்டே, அவனுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் கேட்டேன். "ஏம்மா, சீட்டாட்டத்துல இப்பவும் என்னைத் தோக்கடிக்கிறான். வார்த்தை மட்டும் எங்க மாட்டிக்கினு கீது?"

"எல்லாம் உள்ளேதான் இருக்கு ஐயா. எடுக்க நேரமாகும். நாமதான் அவசரப்பட்டு அவருக்குப் பதிலா பேசிடறோம். நடுவுல நீங்க எதுவும் போட்டுடாதீங்க."

எங்கள் தொழிலில் மேடை கொஞ்சம் சும்மா இருந்தாலே பாட்டைத் தட்டிவிடுவோம். இல்லாவிட்டால் செட் கெட்டுவிட்டதென்று ஜனம் நினைக்கும்.

அவன் மைக்கைப் பிடித்தான். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"இன்னா நைனா, மைக்கு புட்டுக்கிச்சா?" முன்வரிசையில் இருந்த துறைமுக ஆள் ஒருத்தன் கத்தினான்.

"பேரிச்சம்பழத்துக்குப் போட்டுடு நைனா!" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

மைதானமே சிரித்தது. என் மைக்கை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை.  விரல் பட்டன்மேல் போய்விட்டது. ஒரு குத்துப்பாட்டுப் போட்டால் என் மானம் தப்பிவிடும். நிமிர்ந்தால், வேர்த்து வழிய அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கையை எடுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

"மைக்கு... நல்லா... கீது." மூச்சு வாங்கினான். "நாந்தான்... லேட்டு."

 முதலில் கத்தினவனே எழுந்து விசிலடித்தான். "யோவ், இவனுக்காய்யா புத்தி பூட்ச்சுன்னீங்க?"

அந்த வாரமே அவன் ஏலத்துக்குத் திரும்பினான். விலையைக் கூவுவது அவன் மனைவி. எந்தக் கூடையை என்ன விலைக்கு விடுவதென்று காட்டுவது அவன் விரல்.

கூட்ட முடிவில் டீ கொடுத்தவருக்குக்கூட விலாவாரியாக நன்றி சொன்னார்கள். எனக்கு 'ஒலி அமைப்பு' என்று ஒரே வரி. சத்தத்தை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். இந்த வருஷக் கூட்டத்துக்கு அடிக்கும் நோட்டீஸில், அந்த மௌனத்தைக் கொடுத்ததும் நான்தான் என்று என் பெயரோடு போட்டாக வேண்டும். காலமெல்லாம் சத்தத்தை விற்ற நான், சும்மா இருந்து சம்பாதித்த பெயர் அது ஒன்றுதான்.