தண்ணியை விட்டு வெளியே வாங்க!

மலைக்கு ஆள் கூட்டிப்போகிற வேலையில் ஏறுவது சுலபம், இறங்குவதும் சுலபம். அருவித் தண்ணிக்குள் கால் வைத்த நம்ம ஆட்களை வெளியே கூப்பிடுவதுதான் வேலை. கல்யாண வீட்டிலிருந்து சொந்தக்காரர்களைக் கிளப்பி பஸ்ஸில் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

மலேசியாவில், கிள்ளானில் எனக்குப் பக்கத்து வீட்டுக் குணா, ஞாயிற்றுக்கிழமையானால் குடும்பங்களை வேனில் ஏற்றி ரவாங் பக்கத்து அருவிக்குக் கூட்டிப்போவான். ஒரு மணி நேர நடை, குளியல், சாப்பாடு, வீடு. அவன் முன்னால் நடப்பான், கடைசி ஆளாக நான். கையுறைத் தொழிற்சாலையில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை என்று என்னைப் பிடித்துப் போட்டான். கழுத்தில் ஒரு விசிலும் மாட்டிவிட்டான்.

விசில் எதற்கு? மலைமேல் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணி பொங்கி இறங்கும். மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். பாறையில் உட்கார்ந்திருக்கிற ஆளை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் எங்களுக்கு ஒரே சட்டம்: நான் ஊதினால் எல்லாரும் கரைக்கு வந்துவிட வேண்டும்.

வெறுங்கால் குடும்பம்

செராஸிலிருந்து ஒரு குடும்பம். அப்பா, அம்மா, மூன்று பெண் பிள்ளைகள். ஒருத்தர் காலிலும் செருப்பில்லை. "சிலிப்பரெல்லாம் வேன்ல இருக்கு ஆன்டி. மலைக்கு யாராச்சும் போட்டுக்கிட்டு ஏறுவாங்களா?" என்றார் அப்பா. ஒரு வாரமாக வீட்டில் சைவமாம். பாவம், அவர்கள் ஏறிய ஒரே மலை முருகன் கோயில் இருக்கிற பத்துமலை. நான் திரும்ப ஓடிப்போய் ஐந்து ஜோடியையும் அள்ளிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு ஊதியதும் முதல் ஊதலிலேயே வரிசையாக வெளியே வந்தது அந்தக் குடும்பம் மட்டும்தான். மற்றவர்கள் பொரித்த கோழியைக் கடிக்க, இவர்கள் தயிர்ச்சோற்றைப் பிரித்தார்கள். அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். அருவி இருந்தது, மரம் இருந்தது, குரங்கு இருந்தது. கோழி வாசனையை ஒருமுறை நன்றாக இழுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அடுத்த தடவை மேல சாமி இருக்கா இல்லையான்னு முன்னாடியே சொல்லிடுங்க ஆன்டி."

ஃபோனில் வெயில்

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வந்த ஒரு ஆபீஸ்காரர். மலை உச்சியில் மேகம் கறுத்திருந்ததைப் பார்த்து ஊதினேன். அவர் கழுத்தளவு தண்ணியில் நின்றபடி, பிளாஸ்டிக் பையில் போட்ட ஃபோனை உயர்த்திக் காட்டினார். "ஆன்டி, இதுல வெயில்னு போட்டிருக்கு."

"ஃபோன் கீழ இருக்கு, மழை மேல இருக்கு. ஏறி வாங்க!"

முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். அரை மணி நேரம் கரையில் உட்கார்ந்து எல்லாரும் தண்ணியையே பார்த்தோம். அது கண்ணாடி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஆபீஸ்காரரின் மகள், ஏழு வயதிருக்கும், துண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டிக் கேட்டாள்: "எங்க ஆன்டி, தண்ணி இன்னும் வரல, ஜாம்ல மாட்டிக்கிச்சா?"

குணாவின் கோபம்

அடுத்த மாதமும் அப்படித்தான். ஊதினேன், ஒன்றும் வரவில்லை. வந்தவர்கள் குணாவிடம் குறை சொல்லிவிட்டார்கள். குளிக்க வந்தோமா, கரையில் காய வந்தோமா என்று கேட்டார்களாம்.

"இனிமே என்னைக் கேட்டுட்டு ஊதுங்க ஆன்டி," என்றான்.

"கேட்டுட்டு ஊத இதென்ன நாதஸ்வரமாடா?" என்றேன். அவன் சிரிக்கவில்லை. நாலு பேர் காலைப் பிடித்துக் கூப்பிட்டு நடத்துகிற தொழில், அவனுக்கும் பயம்தான். வேன் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான்: "இன்னொரு தடவை சும்மா ஊதுனீங்கன்னா, விசிலை நான் வாங்கிக்குவேன்."

பானையை விடாதவர்

அதற்கு அடுத்த பயணம், கிள்ளான் குடும்பம் ஒன்று. கணவர் சிவம், தண்ணிக்கு நடுவே தட்டைப் பாறையில் கேஸ் அடுப்பு வைத்துக் கோழி பிரட்டிக்கொண்டிருந்தார். நல்ல வெயில். எனக்கு மட்டும் தண்ணியின் சத்தம் சரியாகப் படவில்லை. பார்த்தால், தெளிவாக இருந்த தண்ணி தே தாரிக் பால் டீ நிறத்துக்கு மாறுகிறது, காய்ந்த இலையும் குச்சியும் மிதந்து வருகிறது.

குணாவைப் பார்த்தேன். அவன் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. நான் ஊதிவிட்டேன்.

எல்லாரும் திட்டிக்கொண்டே ஏறினார்கள். சிவம் மட்டும் அசையவில்லை. "ரெண்டே நிமிஷம் லா ஆன்டி, இப்பத்தான் மசாலா பிடிக்குது!" முழங்கால் தண்ணியில் இறங்கிப்போய் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். கையில் கரண்டியோடு வந்தார். இரண்டு பேரும் கரையில் கால் வைத்தோம். பின்னால் லோரி மண் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். திரும்பினால் பாறையைக் காணோம். பானையும் அடுப்பும் போன இடம் தெரியவில்லை.

குணா விரலால் இரண்டு தடவை தலைகளை எண்ணினான். கணக்கு சரியாக இருந்தது. பிறகு என் பக்கத்தில் வந்து நின்றான். என் கழுத்தில் முறுக்கியிருந்த விசில் கயிற்றை நேராக்கிவிட்டான்.

சிவத்தின் மனைவி புருஷனைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். புருஷன் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார், சிவப்பாகப் பாய்கிற தண்ணியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடி ஊதியிருந்தீங்கன்னா கோழியும் தப்பிச்சிருக்கும் லா ஆன்டி."

தண்ணி வராவிட்டால் நான் பயந்தாங்கொள்ளி, வந்துவிட்டால் லேட்டு. இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் பிழைப்பு.