பாதுகாப்புக் கண்ணாடியில் சந்தனப் பொட்டு

ராமபத்ரனுக்கு ஓர் இடத்தில் நிம்மதியாக இருக்கவே வராது. மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் படகு ஏறினால் மிதவை வளையங்கள் இருக்கின்றனவா என்று பார்த்தால்தான் மனசு ஆறும். காஸ் அடைத்திருக்கிறதா என்று அவர் மறுபடியும் சமையலறைக்குள் எட்டிப் பார்க்கும்போது மனைவி காமாக்ஷி தலையில் அடித்துக்கொள்வாள். இப்பேர்ப்பட்ட மனுஷரை இடக்கொச்சித் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக வைத்திருந்தார்கள்.

எண்பத்தாறில் அங்கே லேசர் இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது, மெல்லிய எஃகுத் தகடுகளைப் பற்றவைக்க. அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தகட்டில் பட்டுத் தெறித்துக் கண்ணுக்குள் போனால் வலிக்காமலே உள்ளே சுட்டுவிடும். பாம்பு என்றால் சீறவாவது செய்யும், இது என்ன சனியன் என்று அவருக்குத் தூக்கம் போயிற்று. ஜன்னல்களுக்குக் கறுப்புத் தகடு அடித்தார். உள்ளே வருகிறவர்களின் மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்ற வைத்தார். இயந்திரத்தோடு வந்தது ஒரே ஒரு பச்சைக் கண்ணாடி. அதைப் போடாமல் பொத்தானைத் தொடக் கூடாது என்று, இயந்திரத்தை ஓட்டும் மொய்துவுக்குக் காது புளிக்கிற வரை சொன்னார்.

நவமியன்று ஆயுதபூஜை வந்தது. பிராமணரான ராமபத்ரனைத் தொழிற்சாலையில் எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். சாமி இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்று முதலாளி அவரையே பூஜைக்கு உட்கார வைத்தார். விளக்கின் முன் பரப்பியிருந்த ஸ்பானர், சுத்தியல், அளவுகோல் எல்லாவற்றுக்கும் அவர் சந்தனம் வைத்தார். தசமி காலையில் மொய்து ஒரு தகட்டைப் பற்றவைத்து வேலையைத் தொடங்க வேண்டும், அதுதான் வழக்கம்.

தசமியன்று வீட்டில், பூஜையிலிருந்து எடுத்த புஸ்தகத்தின் அட்டையில் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தவருக்குப் பகீரென்றது. பச்சைக் கண்ணாடியின் இரண்டு வட்டங்களிலும் நட்டநடுவே பெரிதாகப் பொட்டு வைத்தது இதே கைதான். அந்த நேரத்தில் அது அவருக்குக் கண்ணாடியாகவே தோன்றவில்லை, ஆயுதங்களில் ஒன்றாகத்தான் தோன்றியது.

பக்கத்து அரிசி மண்டிக்கு ஓடித் தொழிற்சாலைக்குப் போன் செய்தார். மணி அடித்ததே தவிர எடுப்பாரில்லை. ஏறிய பஸ் கடைத்தெருவின் கைவண்டிகளுக்கு நடுவே நகராமல் நின்றது. குதித்து இறங்கி, சுள்ளிக்கல் வரை ஓட்டமும் நடையுமாகப் போய் ஆட்டோ பிடித்தார். மொய்து கண்ணாடியைப் போட்டிருக்க மாட்டான், போட்டிருப்பான் என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

மொய்து சாயா குடித்துக்கொண்டிருந்தான். வேலை தொடங்கியாயிற்று. கண்ணாடி விளக்கின் முன்னாலேயே பொட்டுக் கலையாமல் இருந்தது. ராமபத்ரன் அவனை ஒவ்வொரு கண்ணாக மூடிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். வலது கண்ணில் குறையில்லை. இடது கண்ணால் பார்த்தவன் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தான். வட்டம் தெரிகிறது, நடுவில் முள்ளைக் காணவில்லை என்றான்.

"தொடைச்சுட்டுப் போட்டுக்கப்படாதா, மொய்து?" என்றார் ராமபத்ரன்.

"சாமி கையால வெச்ச பொட்டல்லே. அத நான் எங்ஙனே தொடைக்கும்?" என்றான் மொய்து. "சாமியே பூஜை செஞ்சதுகொண்டு இன்னிக்கு ஒண்ணும் வராதுன்னு நினைச்சேன்."